அந்த மூலைத்தூண் என்ன மரம்

அய்யா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, மற்றபடி சாகவில்லை. நீ கட்டடம் படிக்கச் சீமைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது, எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான். அதுவும் ஒரு கேள்வி கேட்பதற்காக. பரவாயில்லை. கேள்வி கேட்கவாவது சங்கரன்கோவிலில் ஒரு அப்பன் கிடக்கிறான் என்று நினைப்பு வந்ததே. கடிதத்தைத் தபால்காரர் கையில் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பதினாறு வருஷம் ஓடிவிட்டது. அந்த மட்டுக்கு நான் பெரிய கெட்டிக்காரன்தான்.

நீ எழுதியிருப்பதை நானே ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், சரிதானா என்று பார்த்துக்கொள். தை மாதம் உனக்கும் மாமா மகளுக்கும் பாளையங்கோட்டையில் கல்யாணம். உன் மாமா, உன் அம்மாவோடு பிறந்த அண்ணன், உன்னை ஆறு வயதிலிருந்து தூக்கி வளர்த்த மனிதர், நான் அந்தப் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நீயும் அதற்குத் தலையாட்டிவிட்டாய். அதற்கப்புறம் உன்னைப் படிப்பிக்கிறவர்கள் ஒரு பழைய வீட்டை அளந்து படம் போட அனுப்பியிருக்கிறார்கள். கிராமாந்தரத்தில் பெரிய பண்ணை வீடு, முன்னூறு வருஷத்துக்கு மேலே நின்றது, பராமரிக்க ஆளில்லாமல் இடிக்கப் போகிறார்கள். முழுக்க மரச்சட்டம். அங்கே வைத்து நீ ஒரு விஷயம் தெரிந்துகொண்டாய். அந்த ஊர்த் தச்சர்கள் ஓக் மரத்தை வெட்டினவுடன் பச்சையாகவே இழைத்து, பொருத்தி, மரமுளை அடித்துவிடுவார்களாம். மரம் காயக் காயப் பொருத்து இறுகி முளையைக் கவ்விக்கொள்ளுமாம். "அப்படியென்றால், அப்பா, பச்சை மரம் போட்டதால் நம் வீடு விழுந்தது என்று நீங்கள் சொன்னது பொய். ஆசாரி ஏமாற்றினாரா, நீங்கள் ஏமாற்றினீர்களா? அந்த மூலைத்தூணுக்கு என்ன மரம் போட்டீர்கள்? உண்மையை எழுதினால் மாமாவிடம் நான் பேசுகிறேன், நீங்கள் கல்யாணத்துக்கு வரலாம். எழுதாவிட்டால் இனி நான் கேட்க மாட்டேன்." இதுதானே?

மருத மரம், அய்யா. நன்றாகக் காய்ந்த, வைரம் பாய்ந்த மருத மரம். செங்கோட்டையிலிருந்து வண்டியில் வந்து, ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்த மரம். ஆசாரி யாரையும் ஏமாற்றவில்லை. நானும் மரத்தில் ஏமாற்றவில்லை. மரத்தைப் பற்றிச் சொன்னதில்தான் ஏமாற்றினேன்.

அப்படி ஒரு வீட்டை இந்த ஊரில் நான் ஏன் கட்டினேன் என்பது உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆடம்பரம் என்று சொல்லியிருப்பார்கள். திருவேங்கடம் ரோட்டில் நமக்கு இருந்த மனை சுத்தக் கரிசல். கரிசல் என்ன பண்ணும் என்று உனக்குத் தெரியும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பி மேலே தூக்கும். அதில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டின சுவரெல்லாம் இரண்டாம் வருஷமே வாயைப் பிளக்கும். அந்த மனையில் இருந்த பழைய வீட்டில் நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே தலைமாட்டுச் சுவர் விரிந்து தெரு தெரிந்தது. பஞ்சு ஆலையில் அப்போது ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். நான் அவருக்குப் பருத்தி வாங்கிப் போடுகிறவன். அவர் அறையில் ஒரு படம் தொங்கும். அவர் பிறந்த வீடு. வெள்ளைச் சுவரில் கறுப்புக் கறுப்பாகக் கட்டைகள், நெட்டையும் குறுக்கும் சாய்வுமாக, மாடி கீழ்வீட்டைத் தாண்டித் தெருப்பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சுவர் விரிந்த கதையை நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, என் வீட்டில் சுவர் எதையும் தாங்கவில்லை, சட்டம்தான் தாங்குகிறது, தரை அசைந்தால் வீடும் கூட அசைந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நார்க்கட்டிலை மேடுபள்ளத்தில் போட்டால் உடைகிறதா என்ன? நெளிந்துகொண்டு நிற்கும். கரிசலுக்கு ஏற்ற வீடு சீமையில் இருக்கிறது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு ஆசாரியை அழைத்துவந்தேன். வண்டி செய்வதில் பேர்போனவர். படத்தைப் பார்த்துவிட்டு, "இது பெரிய வண்டிதான் அண்ணாச்சி, சக்கரம் மட்டும் இல்ல. செஞ்சிருவோம்" என்றார். கருங்கல் மேடை கட்டி அதன்மேல் அடிக்கட்டை படுக்க வைத்து, அதில் தூண்களை, துளைக்குள் இறங்குகிற முனையாகக் கழுந்து செதுக்கி, நிறுத்தி, மேலே உத்தரம், மூலைக்கு மூலை சாய்வுக்கட்டை, எல்லாவற்றுக்கும் மரமுளை. ஒரு இரும்பாணி கிடையாது. ஒவ்வொரு பொருத்திலும் உளியால் அடையாளக் கீறல் போட்டுக்கொண்டார், நீ அங்கே பார்த்ததாக எழுதியிருக்கிறாயே, அதே மாதிரி. ஒன்றே ஒன்றுக்குத்தான் அவர் சம்மதிக்கவில்லை. துரை, தூணின் வேர்ப்பக்கம் மேலே வரவேண்டும், அங்கேதான் உத்தரம் உட்கார அகலம் கிடைக்கும் என்றார். "மரத்தத் தலகீழா நட்டா குடும்பம் தலகீழாப் போயிரும் அண்ணாச்சி, அது மட்டும் என்னால ஆவாது" என்று ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். சரி, நேராகவே வையும் என்றேன். கட்டைகளுக்கு நடுவே அங்கே ஏதோ மிலாறை, மெல்லிய குச்சிகளை, பின்னி மண் அப்புவார்களாம், நமக்குக் காய்ந்த பருத்திச் செடிக்கா, பருத்திமாருக்கா, பஞ்சம்? பருத்திமாரைப் பின்னி, மண்ணும் சாணியும் வைக்கோலும் மிதித்து அப்பி, வெள்ளை அடித்தோம். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. "அண்ணாச்சி வீடு கட்டலவே, சப்பரம் கட்டுதாரு. சாமி எப்ப எழுந்தருளுதாவளாம்?" என்று கேலி. நானும் சிரித்தேன். அடுத்த கோடையில் பக்கத்து வீடுகள் அத்தனையும் வெடித்தபோது என் வீட்டில் வெள்ளைகூட உதிரவில்லை. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு வருஷம் நான் தெருவில் நடந்த நடை இருக்கிறதே, இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உனக்கு அப்போது மூன்று வயது. உடம்பெல்லாம் சிரங்கு. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு இடம் பாக்கி இல்லை. இரவு பகல் சொறிந்து சொறிந்து படுக்கையெல்லாம் நீரும் ரத்தமும். ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து பூசினார்கள், கந்தகக் களிம்பு தந்தார்கள், வேப்பிலையில் குளிப்பாட்டினோம், ஒன்றும் கேட்கவில்லை. கையைத் துணியால் கட்டிப் போடுவாள் உன் அம்மா. நீ கட்டின கையோடு அவளைப் பார்த்துக் கத்துவாய். அவளும் கூடவே அழுவாள். நான் எழுந்து ஆலைக்குப் போய்விடுவேன், அந்தச் சத்தம் எனக்குத் தாங்காது. கடைசியில் கோமதி அம்மன் கோவிலில் புற்றுமண் வாங்கிவந்து குழைத்துப் பூசினாள். ஊரில் எல்லோரும் செய்கிறதுதான், ஆடித்தபசுக்கு வருகிறவன் எல்லாம் மடியில் முடிந்துகொண்டு போகிற மண்தான். பூசிக்கொண்டே இருந்தாள். சிரங்கு காய்ந்து உதிர்ந்தது. மண்ணால் ஆயிற்றா, தானாக ஆறுகிற வேளை வந்து ஆறிற்றா, எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு அதில் ஒரு மயிரிழை சந்தேகம் கிடையாது.

அதற்கு அடுத்த மாதம் நம் வீட்டு வடகிழக்கு மூலை அறையில், மூலைத்தூணின் காலடியில், மண்தரையைப் பிளந்துகொண்டு ஒரு புற்று கிளம்பியது.

இப்போது உனக்குப் பாதி விளங்கியிருக்கும். படித்த பிள்ளை. மரத்தால் கட்டின வீடு, பருத்திமார் வைத்த சுவர், அதன் மூலையில் கரையான் புற்று. வேறு எந்த ஊராக இருந்தாலும் அன்றைக்கே கொத்தி எறிந்து, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, தாரைப் பூசியிருப்பார்கள். இது சங்கரன்கோவில். இங்கே புற்று என்றால் சாமி. பிள்ளைக்குப் புற்றுமண்ணால் குணமான வீட்டில், ஈசான மூலையில், கேட்காமலே புற்று வந்திருக்கிறது. உன் அம்மா என்னைக் கூப்பிடக்கூட இல்லை. நான் ஆலையிலிருந்து வந்தபோது மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, விளக்கேற்றியாகிவிட்டது. அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "கோமதி ஆத்தா நம்ம வீட்டுக்கே வந்துட்டா, பாத்தீங்களா? புள்ளையப் பாத்துட்டுப் போவ வந்திருக்கா" என்றாள். மேலவீட்டு மதினி வாசலில் நின்று, "சப்பரம் கட்டுனாரு கொழுந்தன், சாமி வந்துட்டாவ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை கேலி இல்லை. வெள்ளிதோறும் பால், செவ்வாய்தோறும் முட்டை. தெருப் பெண்கள் எல்லாம் சொம்போடு வந்தார்கள். புற்று வளர வளர அவர்களுக்குச் சந்தோஷம். நீ குழந்தை, அது உனக்கு விளையாட்டு மேடாகிவிடக் கூடாது என்று குறுக்கே ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தாள். உனக்கு அந்தத் திரை மட்டும் நினைவிருக்கலாம்.

நான் சும்மா இருந்தேனா என்று கேட்பாய். மூன்றாம் வருஷம் சித்திரையில் அந்தத் தூணில் கை வைத்துச் சாய்ந்து நின்றேன். தூணில் அடித்திருந்த வெள்ளைக்குள்ளே கட்டைவிரல் போய்விட்டது. பலகாரத்தில் விரல் போகிற மாதிரி, ஒரு சத்தம் இல்லாமல். மேலே தோல் மட்டும் நிற்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. பாலும் தண்ணீரும் ஊற்றி ஊற்றி அடிக்கட்டையும் ஊறிப் போயிருந்தது. நான் நேரே கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் உன்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு புற்றின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"இடிங்க. மொதல்ல எங்க ரெண்டு பேரையும் இடிச்சிட்டு அதுக்கப்புறம் இத இடிங்க."

"ஏட்டி, தூணு செத்துப் போச்சுட்டி. வீடு எறங்கிரும். சொன்னாக் கேளு."

"இவன் மேலு பூரா புண்ணாக் கெடந்தப்ப ஒங்க வீடா வந்து ஆத்துச்சி? இதுதான ஆத்துச்சி? இத இடிச்சி, திரும்ப அவனுக்கு வந்துச்சின்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?"

நீ அவள் மடியில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன் தோலில் ஒரு தழும்புகூட இல்லை. நான் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டேன். உனக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, ஆகையால் சொல்கிறேன்: பெண்டாட்டியோடு வாதாடி ஜெயிக்கிற நாள் வரும், தோற்கிற நாள் வரும், இரண்டும் சரிதான். வாதம் தன்பாட்டில் நிற்க, வேலை தன்பாட்டில் நடக்க வேண்டும். நான் வேலையையும் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் ஒரு கல்தூண் கொடுத்து உத்தரத்தைத் தாங்கிவிடலாம் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தோம், புற்றைத் தொடாமல். அவளும் ஒத்துக்கொண்டாள், அது நிஜம். ஆடித்தபசு கழியட்டும் என்றாள். ஆவணியில் கல்தச்சன் வருகிறேன் வருகிறேன் என்று வரவில்லை. புரட்டாசியில் வீட்டில் கை வைக்க நாள் கிடையாது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.

கரிசல் உப்பியது. வெள்ளிக்கிழமை காலை. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று வாய்க்கால் மாதிரி ஓடுகிற தெருவைக் காட்டிக்கொண்டிருந்தேன். வீடு முனகியது. பாரவண்டி மேட்டில் ஏறும்போது முனகுமே, அது. "ஏட்டி, வெளிய வாட்டி!" என்று கத்தினேன். உள்ளே இருந்து, "இந்தா வாரேன், பால ஊத்திட்டு வாரேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. தூண் நொறுங்கி, மாடியின் அந்த மூலை அப்படியே அந்த அறைக்குள் இறங்கிவிட்டது. மற்ற மூன்று மூலையும் நின்றன, அய்யா. முளை ஒன்றுகூடக் கழலவில்லை. துரை சொன்னது போலவே வீடு நெளிந்துகொண்டு நின்றது. அந்த ஒரு அறை மட்டும் இல்லை.

அவளைக் கிடத்தியிருந்தபோது பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஒருத்தி, "கரையானுக்குப் பால் ஊத்தியே செத்தாளே, பைத்தியக்காரி" என்றாள். இன்னொருத்தி, "அவன் கடப்பாரையத் தூக்குனாம்லா, ஆத்தா சும்மா விடுவாளா?" என்றாள். மூன்றாவதாக ஒரு குரல், யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, "எல்லாம் இந்தப் பயலுக்காவத்தான. ஆத்தாள முழுங்குன பய" என்றது. நீ அவர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். அந்தச் சொல் ஒருதரம் ஊர் வாயில் ஏறிவிட்டால் சாகிறவரை உன் பின்னாலேயே வரும். அந்த நேரத்தில் உன் மாமா வந்தார். தங்கச்சியைப் பார்த்தார், இறங்கின மாடியைப் பார்த்தார், என் சட்டையைப் பிடித்தார். "மாப்ள, உள்ளதச் சொல்லும். என்ன மரம் போட்டீரு?"

"பச்ச மரம்" என்றேன். "காசுக்கு ஆசப்பட்டு ஈர மரத்தப் போட்டுட்டேன்."

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பைத்தியக்காரி இல்லை, நீ யாரையும் முழுங்கினவன் இல்லை, நான் ஒரு கருமிப்பயல், கதை முடிந்தது. ஆசாரிதான் சேதி கேட்டு ஓடிவந்து, "நீரு வாங்குனது காஞ்ச மரந்தான அண்ணாச்சி? பழி ஓரிடம் பாவம் ஓரிடமா ஏன் இழுத்துப் போட்டுக்கிடுதீரு?" என்று அழுதார். உம்ம பேர் கெடாது, மரம் வாங்கினவன் நான், போய்வாரும் என்று அனுப்பினேன்.

இதுவரை சொன்னதுகூட லேசு. இனிச் சொல்வதை யாரிடமும் சொன்னதில்லை. கருமாதி முடிந்த வாரம் உனக்கு மறுபடி சிரங்கு வந்தது. முதுகில் ஆரம்பித்து ஒரே நாளில் கழுத்துவரை. அவள் பயந்தபடியே. நீ அம்மா அம்மா என்று கத்துகிறாய், கையைக் கட்ட எனக்குத் தெரியவில்லை. நட்ட நடுப்பகலில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்த இடிந்த அறைக்குள் போனேன். அத்தனை மரமும் விழுந்த இடத்தில் புற்று அப்படியே நிற்கிறது, ஒரு கீறல் இல்லை. ஓங்கினேன். ஓங்கின கைக்கு உன் சத்தம் கேட்டது. கடப்பாரையைப் போட்டுவிட்டு, அந்தப் புற்றிலிருந்து ஒரு கை மண்ணைப் பிய்த்து எடுத்து, தண்ணீரில் குழைத்து, வந்து உன் முதுகில் பூசினேன். என் பெண்டாட்டியைத் தின்ற மண். தெரிந்தே பூசினேன். எல்லாம் கண்ணால் பார்த்த பிறகு பூசினேன். அவளாவது நம்பிப் பூசினாள், நான் நம்பாமலே பூசினேன், நீ கத்துவதை நிறுத்தினால் போதும் என்று. மாமா உன்னை அழைத்துப் போக வந்தபோது உன் முதுகில் அந்த மண் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "புள்ளையக் குளிப்பாட்டக்கூட ஒமக்குத் துப்பில்லையா?" என்று கேட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு போனார். அதனால்தான் சொல்கிறேன், அவளைப் பற்றி மனசில் ஒரு சொல்கூட நினைக்காதே. அந்த இடத்தில் உட்கார்ந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றி மாமாவிடம் ஓடுவாய் என்று தெரியும். ஓடாதே. அவருக்கு அறுபது வயதாகிறது. பதினாறு வருஷமாக என்னை வைதுதான் அவர் தங்கச்சி போன துக்கத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். மரம் நல்ல மரம் என்று தெரிந்தால் அவருக்கு வைய ஆள் கிடையாது. அதுவும் இந்த நேரத்தில், எந்தப் பிள்ளைக்காகத் தங்கச்சி செத்தாளோ அவனுக்கே மகளைக் கட்டிக் கொடுக்கிறோம் என்று அவர் மனசில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், விழுந்துவிட்டால் போதும். அந்தப் பெண் எதைப் பார்த்து உன் வீட்டில் வாழ்வாள்? நீ எந்த முகத்தோடு அவர் கையால் தாலியை வாங்குவாய்? பச்சை மரம் என்றே இருக்கட்டும். அவர் கோபம் என்மேலேயே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. நான் கல்யாணத்துக்கு வரவில்லை.

முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று மட்டும் ஒரு கார்டு போடு.

உன் அப்பா